மூன்றாம் அறையிலிருந்து பதில்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் முதலில் மக்கர் செய்தது பிரிண்டர்தான். பாதிப் பக்கத்தை அச்சடித்துவிட்டு, தாளைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அடுத்ததாக லோரிகளுக்குச் சீட்டுப் போடும் கம்ப்யூட்டர். பிறகு கணக்குப் பிரிவு. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வந்து உட்காருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடித்துவிடலாம் போலிருந்தது.

போர்ட் கிள்ளானில் இருந்த அந்தக் குளிர்கிடங்கில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் கனகேஸ்வரிதான் பொறுப்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓய்வுபெற்ற அப்பாவோடு இருப்பவள். தினமும் கொமுட்டர் ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை வந்து போகிறவள். அரை நாள் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் சிவசம்பு கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே அவள் அறைக்குள் தலையை நீட்டி, திங்கட்கிழமை கப்பல் வருகிறது, அதற்குள் சரியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு பங்சாரிலிருக்கும் வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளையின் பிறந்தநாளாம்.

இந்த நோய் அவளுக்குத் தெரிந்ததுதான். அலுவலகத்தில் யாராவது கேட்டால் எளிமையாகச் சொல்லிப் புரியவைப்பாள். ஒரே ரூம்ல எல்லாரும் உக்காந்து பேசறோம்னு வச்சுக்குங்க, ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர் பேசறார், அதுல ஒரே ஒரு ஆளு மட்டும் மூச்சுவிடாம கத்திக்கிட்டே இருந்தா யாரும் யார்கிட்டயும் பேச முடியாதுல்ல, நெட்வொர்க்கும் அப்படித்தான் என்பாள். கத்துகிற மெஷின் எதுவென்று கண்டுபிடித்து அதன் வயரைப் பிடுங்கிவிட்டால் போதும். மற்றதெல்லாம் தன்னால் சரியாகிவிடும்.

இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அங்கே இந்த நோய் வந்திருந்தது. போன வருடம். அதையும் ஒரு சனிக்கிழமையில்தான் அவள் சரிசெய்தாள்.

அவளுடைய அறை அலுவலகத்தின் பின்பக்கம், கிடங்குக்குப் போகும் நடையை ஒட்டி இருந்தது. ஜன்னல் கிடையாது. மழை தொடங்கியிருந்தது, ஜிங்க் தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்துக்குக் கீழே, கிடங்குகளைக் குளிரவைக்கும் கம்ப்ரெசர்களின் உறுமல் தரை வழியாக ஏறி நாற்காலிக் கால்களில் நடுங்கிக்கொண்டிருந்தது. உறைந்த மீனும், ஈர அட்டைப்பெட்டியும், கடலோரச் சேறும் கலந்த வாசனை எப்போதும் போல். சுவரில் தோளுயரத்தில் ஹப் பெட்டி. கட்டடத்திலிருக்கும் எல்லா வயர்களும் வந்து சேருகிற இடம் அதுதான். ஒவ்வொரு வயருக்கும் ஒரு சின்னப் பச்சை விளக்கு. மறுமுனையில் உயிருள்ள மெஷின் ஒன்று இருந்தால்தான் அந்த விளக்கு எரியும்.

அவள் விளக்குகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசிக்கு முந்தினதில் கண் நின்றது.

அது மூன்றாம் அறையின் வயர். ஏறக்குறைய ஒரு வருடமாக அந்த விளக்கு எரிந்ததில்லை. எரிய வழியும் இல்லை. மூன்றாம் அறையை மூடி, மின்சாரத்தைத் துண்டித்து, அதன் வாசலில் இருந்த சின்னக் கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்தாயிற்று. அந்த வயரின் மறுமுனை நடைச்சுவரில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் விளக்கு எரிந்தது. எரிந்ததோடு நிற்காமல், மற்ற விளக்குகளைவிட வேகமாக, படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

கனகேஸ்வரி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. மழைதான், என்று சொல்லிக்கொண்டாள். வயருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும்.

மூன்றாம் அறை உறையவைக்கிற அறை அல்ல. ஆப்பிள், பூண்டு, வெண்ணெய் வைக்கிற அறை. குளிர் இருக்கும், ஆனால் மீன் அறைகளைப்போல் நொடியில் விறைக்கவைக்கிற குளிர் இல்லை. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்குக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. முன்பெல்லாம் அதை அழுத்தினால் காவல் அறையில் மணி அடிக்கும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது மணியை எடுத்துவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் வாசலில் இருக்கிற சின்னக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது நெட்வொர்க் வழியாகக் காவல் அறைக்கும் கனகேஸ்வரிக்கும் செய்தி அனுப்பும். மூன்றாம் அறை, உள்ளே ஆள். அவ்வளவுதான் செய்தி.

போன வருடம் அந்தச் சனிக்கிழமை, மூச்சுவிடாமல் கத்தியது அந்தச் சின்னக் கம்ப்யூட்டர்தான். அதிலிருந்த நெட்வொர்க் கார்டு கெட்டுப்போய், அர்த்தமில்லாத எதையோ நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியே லோரிகள் வரிசையில் நின்றன. சிவசம்பு அவள் தலைமேல் நின்று கத்தினார். அவள் அந்த வயரைப் பிடுங்கினாள். உடனே எல்லாத் திரைகளும் உயிர்பெற்றன. அலுவலகத்தில் யாரோ கைகூடத் தட்டினார்கள். திங்கட்கிழமை வேறு கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், அதுவரை மூன்றாம் அறைப் பட்டன் வேலை செய்யாது என்று காவல் அறையில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சொல்லாமல் போய்விட்டாள்.

நாகையா அன்று சாயங்காலம்தான் உள்ளே மாட்டிக்கொண்டார். கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்று வீட்டு மனையானபோது அங்கிருந்து வெளியே வந்து, இந்தக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவர். அதிகம் பேசாத மனிதர். உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்கு யாரும் வருவதில்லை. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தவர்கள், கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்த அவரைத்தான் பார்த்தார்கள். அவருடைய பையில் சம்சுச் சாராய பாட்டில் ஒன்று இருந்தது. மூடிகூடத் திறக்காத பாட்டில். விசாரணையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எச்சரிக்கைக் கருவிகள் எல்லாம் சரியாக இருந்தன, பட்டன் அழுத்தப்படவில்லை, ஆள் குடித்துவிட்டு உள்ளே படுத்திருக்க வேண்டும் என்று முடித்தார்கள். கருவிகள் சரியாக இருந்தன என்று சொன்னது கனகேஸ்வரி.

அவருடைய மனைவி இராஜம்மாமேல் பரிதாபப்பட்டு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை கொடுத்தார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் கனகேஸ்வரியின் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், அவரு அந்தப் பட்டன அழுத்தியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்கா."

"அழுத்தலயா?"

"அழுத்தல."

இராஜம்மா தலையாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு அவள் தன் புருஷனை மன்னிக்கவே இல்லை. தரையைத் துடைத்துக்கொண்டே யாரிடம் என்றில்லாமல் அவரைத் திட்டுவாள். பிள்ளைகள் நினைப்பு வந்திருந்தால் ஒரே ஒரு தடவை கை நீட்டியிருக்க மாட்டாரா, வீட்டுக்கு வரவே பிடிக்காமல் போய்விட்டதா என்று. கனகேஸ்வரியிடம் மட்டும் பிரியம். ஒவ்வொரு நாளும் கேட்காமலே கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைப்பாள். கனகேஸ்வரி அதைக் குடித்தாள். ஒரு வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து பக்கத்திலிருந்த ஸ்டோருக்குள் போய்ப் பார்த்தாள். அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் அதன் அட்டைப்பெட்டியில், டேப் ஒட்டியபடியே, மேல்தட்டில் இருந்தது. பெட்டிமேல் தூசி கலையவில்லை. திரும்பி வந்தாள். வரும்போது நடையின் கோடியை, மூன்றாம் அறை இருக்கும் பக்கத்தை, அவள் பார்க்கவில்லை. ஆனால் அங்கிருந்து ஆப்பிள் வாசனை வந்தது. பல நாள் வைத்திருந்து உள்ளே பழுப்பேறிய ஆப்பிளின் இனிப்பு வாசனை.

நாற்காலியில் உட்கார்ந்து, செய்யக்கூடிய மிகச் சாதாரணமான காரியத்தைச் செய்தாள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் கூப்பிட்டு, இருக்கியா என்று கேட்கலாம். மெஷின் இருந்தால், இருக்கேன் என்று பதில் வரும். பதில் வந்துசேர எவ்வளவு நேரமானது என்பதையும் திரை காட்டும். இல்லாத மெஷினைக் கூப்பிட்டால் பதில் இல்லை என்று வரும். அந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் எண் அவளுக்கு மனப்பாடம். தட்டினாள். இல்லை என்ற பதிலுக்காகத்தான் தட்டினாள். அது வந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்.

திரை வெகுநேரம் வெறுமையாக இருந்தது.

பிறகு பதில் வந்தது.

அது வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தாள். ஒரே கட்டடத்துக்குள் இருக்கிற மெஷின் கண்ணிமைப்பதற்குள் பதில் சொல்லும். இது கடல் தாண்டி வேறு தேசத்திலிருந்து வந்ததுபோல் அவ்வளவு நேரம் எடுத்திருந்தது. மறுபடி கேட்டாள். மறுபடி பதில். இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரம். அவள் தட்டுவதை நிறுத்தினாள். பதில்கள் நிற்கவில்லை. கேட்காமலே, ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள் விழுந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் குறைந்த நேரத்தில். தூரத்தில் இருந்த ஒன்று நடந்து வந்துகொண்டிருப்பதைப்போல.

"கோப்பிக்குத் தண்ணி வச்சிருக்கேன் மிஸ்."

கனகேஸ்வரி துள்ளித் திரும்பினாள். இராஜம்மா வாளியோடு வாசலில் நின்றிருந்தாள். சனிக்கிழமைகளில் எல்லாரும் போனபிறகுதான் அவள் துடைப்பது வழக்கம். ஈரச் சேலையும் கோடாலித் தைலமும் கலந்த அவள் வாசனை அந்தச் சின்ன அறையை நிறைத்தது. ஒரு கணம் கனகேஸ்வரிக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதீங்கக்கா, இங்கயே இருங்க என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அப்போது திரையில் வரிகள் நின்றன. நடுவில் ஒரு கட்டம் எழுந்தது. அந்தச் செய்தி. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். மூன்றாம் அறை, உள்ளே ஆள்.

இராஜம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எட்டிப் பார்த்தாள்.

"அது என்ன மிஸ்?"

"ஒண்ணுமில்லக்கா. மெஷின் கோளாறு."

கனகேஸ்வரி ஒரு பொத்தானை அழுத்திக் கட்டத்தை மூடினாள். உடனே மறுபடி எழுந்தது. மூடினாள். எழுந்தது.

"அது மூணு தான?" என்றாள் இராஜம்மா. "அந்தக் கதவுல போட்டிருக்கிற மூணு."

கனகேஸ்வரி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். அவள் விரல்தான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது, மூடி, மூடி, மூடி. வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை.

கோப்பி எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து ஹப்பிலிருந்து அந்த வயரைப் பிடுங்கினாள். வயர் கையில் வந்தது. சில்லென்று இருந்தது, ஐஸில் கிடந்ததுபோல். விளக்கு அணையவில்லை. பக்கத்து வயரைப் பிடுங்கினாள். அடுத்ததை. எல்லாவற்றையும். ஹப்பின் மின்சாரத்தையும் இழுத்தாள். மற்ற விளக்குகள் அணைந்தன.

அந்த ஒன்று அணையவில்லை.

நடையில் செருப்புச் சத்தம். அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கோப்பி கலக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாக.

"இராஜம்மாக்கா."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. மழை. பிறகு, மழையையும் மீறி, இரும்புத் தாழ்ப்பாள் நகரும் சத்தம். கதவின் ரப்பர் விளிம்பு சுவரைவிட்டுப் பிரியும்போது வருகிற அந்த ஈரமான, உறிஞ்சுகிற சத்தம். போன வருடம் திங்கட்கிழமை காலை தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மற்றவர்கள் போய்த் திறக்கட்டும் என்று அவள் காத்திருந்து கேட்ட அதே சத்தம்.

ஏனென்றால் அன்று எல்லாருக்கும் முன்னால் வந்தது அவள்தான். வயர் ஞாபகம் வந்து முதல் ரயிலில் வந்தாள். நேராக மூன்றாம் அறை வாசலுக்குப் போனாள். அந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் திரை முழுக்க ஒரே வரி, மேலிருந்து கீழ்வரை. செய்தி அனுப்ப முடியவில்லை. செய்தி அனுப்ப முடியவில்லை. யாரோ உள்ளிருந்து அழுத்தி அழுத்தித் திரை நிறைந்திருந்தது. கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கதவைத் தொடவில்லை. திரையிலிருந்த வரிகளையெல்லாம் அழித்தாள். தன் அறைக்கு வந்து வயரை மறுபடி சொருகினாள். கார்டு அன்று எப்படியோ கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது என்று ஒரு வருடமாகத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது மட்டும் இல்லை. வரிகளை அழித்தபிறகு, வெறும் கறுப்பாக இருந்த அந்தத் திரையின் மேல்மூலையில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது.

மெஷின் தானாக மறுபடி முயற்சி செய்யும். அப்படித்தான் அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்தது. அதைத்தான் நம்பினாள். நாகையா இறந்து எவ்வளவு நேரமாகியிருந்தது என்று டாக்டர் சொல்ல எழுந்தபோது, தலைவலி என்று சொல்லிவிட்டு விசாரணை நடந்த அறையைவிட்டு வெளியே வந்துவிட்டாள். அதன்பிறகு யாரிடமும் கேட்டதில்லை.

இப்போது நடையில் நடந்தாள். கால்கள் தாமாகவே போயின. கம்ப்ரெசர்களின் உறுமல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மழையும் தொலைவில் கேட்டது. ஆப்பிள் வாசனை தொண்டையில் ஒட்டியது. சுவரில் அந்த வயரின் மறுமுனை, எதிலும் சொருகாமல், காற்றில்லாத இடத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே இருட்டு. மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் மூடிக்கிடந்த அறை. வெளியே இருக்கும் புழுக்கம்தான் உள்ளேயும். அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது. நடையின் விளக்கு கதவு வழியாக விழுந்து, தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த இராஜம்மாவின் முதுகைக் காட்டியது. முந்தானையை எடுத்துத் தன் பக்கத்தில் எதற்கோ போர்த்துவதுபோல் விரித்திருந்தாள். வெறுந்தரையில் அல்ல. துணி தோளுயரத்தில் தங்கி நின்றது. கீழே விழவில்லை.

மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். பேசும்போது அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. கடுங்குளிரில் வருவதுபோல்.

"அக்கா, வெளிய வாங்க."

"மிஸ்." திரும்பவில்லை. குரலில் கோபம் இல்லை. "அழுத்தினாராம் மிஸ். சனிக்கிழம ராத்திரி பூரா அழுத்தினாராம். நான்தான் ஒரு வருசமா இந்த மனுசன வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்."

கனகேஸ்வரி கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழம காலையில செருப்புச் சத்தம் கேட்டுச்சாம். பொம்பளச் செருப்பு. கதவுக்கு அந்தப் பக்கமே வந்து நின்னுச்சாம். அப்பதான் கடைசியா ஒரு தடவ அழுத்தினாராம்."

இராஜம்மாவின் மூச்சு வெள்ளையாக எழுந்து கலைந்தது.

அவளுக்குப் பக்கத்தில், முந்தானை போர்த்திய அந்த இடத்துக்குமேல், இன்னொரு மூச்சு.

வெள்ளையாக. சின்னதாக. விட்டு விட்டு.

யாரும் இல்லை. மூச்சு மட்டும்.

முந்தானை நழுவித் தரையில் விழுந்தது. அந்த மூச்சு எழுந்தது. உட்கார்ந்திருக்கும் ஆளின் உயரத்திலிருந்து, மெல்ல, மெல்ல, நிற்கும் ஆளின் உயரத்துக்கு. அங்கே நின்றது. அவள் பக்கமாகத் திரும்பியது. புழுங்கும் இருட்டில் வெள்ளையாக ஒருமுறை வந்தது. இன்னும் கிட்டத்தில் ஒருமுறை.

பிறகு அவள் கன்னத்தில் பட்டது. சில்லென்று.